மர்ஃபியின் நீல அட்டை இலக்கண நூல்: ‘தி’யைக் கற்க எவ்வளவு உதவும்?

ஆங்கிலத்தில் கடிதமும் அறிக்கையும் தடையில்லாமல் எழுதுகிற தமிழர்கள்கூடக் கடைசிவரை தடுமாறுகிற இடம் ஒன்று உண்டென்றால், அது ‘தி’ என்ற சிறு சொல்தான். வினைச்சொற்களின் காலங்கள் பழகிவிடுகின்றன. ‘இன்’, ‘ஆன்’, ‘அட்’ போன்றவைகூட ஓரளவு காதுக்குப் பிடிபட்டுவிடுகின்றன. ஆனால் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ‘தி’ போடுவதா, ‘எ’ போடுவதா, எதுவுமே போடாமல் விடுவதா என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு வரியிலும் புதிதாக எழுகிறது. எழுத்து ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் சொல்லும் இதுவே என்பதால் தவிர்த்து எழுதவும் வழியில்லை. இந்த ஒரு சிக்கலை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, ரேமண்ட் மர்ஃபி எழுதிக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டுவரும் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ நூலை இங்கே மதிப்பிடுகிறேன். நூல் முழுவதையும் பற்றிய மதிப்புரை அல்ல இது. அதில் 72 முதல் 78 வரையுள்ள ஏழு அலகுகள் ஒரு தமிழ் வாசகருக்கு எந்த அளவுக்குப் பயன்படுகின்றன என்பது மட்டுமே என் அக்கறை.

நூலின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் பதிப்பு 1985இல் வந்தது. 2019இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 145 அலகுகள் உள்ளன. புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. ஒவ்வோர் அலகும் அந்த இரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடும். இது இடைநிலை மாணவர்களுக்கானது. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதே ஆசிரியர் எழுதிய சிவப்பு அட்டை நூல் தனியாக இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்து முடிக்க வேண்டிய புத்தகம் இல்லை. தேவைப்படும் அலகை மட்டும் எடுத்துப் படிக்கத் தோதாக எழுதப்பட்டிருக்கிறது, எந்த அலகு தேவை என்று தெரியாதவர்களுக்காகப் பின்பகுதியில் ஒரு வழிகாட்டித் தேர்வும் இருக்கிறது. முழுவதும் ஆங்கிலத்திலேயே இருந்தாலும் விளக்கங்களின் நடை எளியது. கலைச்சொற்கள் மிகக் குறைவு.

நம் பள்ளிகளில் தலைமுறைகளாகப் புழங்கிவரும் ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கணத்தோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை உடனே புலப்படும். அந்த நூல் ‘தி’யைப் பட்டியலாகக் கற்பிக்கிறது: ஆறுகளுக்கு முன், கடல்களுக்கு முன், மலைத்தொடர்களுக்கு முன், வேதம், இராமாயணம் போன்ற நூற்பெயர்களுக்கு முன் என்று எண் போட்டுக்கொண்டு போகும். தேர்வில் மதிப்பெண் வாங்க அது போதும். ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்த ஒருவர், ‘வங்கிக்குப் போனேன், மேலாளர் இல்லை’ என்ற எளிய செய்தியை ஆங்கிலத்தில் எழுதும்போது எங்கெங்கே ‘தி’ வரும் என்று கேட்டால் விழிப்பார். வங்கியும் மேலாளரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. மர்ஃபி 72ஆம் அலகைத் தொடங்கும் விதமே வேறு. எந்தப் பொருளைச் சொல்கிறோம் என்பது கேட்பவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பதைத்தான் அவர் முதலில் வைக்கிறார். முதன்முறை சொல்லும்போது கேட்பவருக்குத் தெரியாது, ஆகவே ‘எ’; இரண்டாம் முறை சொல்லும்போது தெரிந்துவிட்டது, ஆகவே ‘தி’. முன்பு பேச்சிலேயே வராத பொருளாக இருந்தாலும், இருவரும் நிற்கிற அறையிலோ வாழ்கிற ஊரிலோ அது எது என்பது ஐயமில்லாமல் விளங்கினால் அப்போதும் ‘தி’தான்: அறையின் கதவு, அறையின் விளக்கு, ஊரின் ரயில் நிலையம், கடையின் மேலாளர். ‘தி’ என்பது பெயர்ச்சொல்லின் குணம் இல்லை, பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையே உள்ள உடன்பாடு என்ற உண்மை இந்த ஒரு பக்கத்தில் பதிந்துவிடுகிறது. என் மதிப்பீட்டில் நூலின் விலை முழுவதும் இந்த அலகிலேயே திரும்பக் கிடைத்துவிடுகிறது.

ஆனால் உலகம் முழுவதற்குமான நூல் என்பதால், படிப்பவரின் தாய்மொழி என்ன என்பது இந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. தமிழ் வாசகர் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி இங்கேதான் இருக்கிறது. தமிழில் ‘தி’ போன்ற சொல் இல்லை என்பது உண்மை. அதனால் ‘தி’ உணர்த்தும் வேறுபாடும் தமிழருக்கு அந்நியமானது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள், அது சரியில்லை. ‘பால் குடித்தான்’ என்பதற்கும் ‘பாலைக் குடித்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் குழந்தையும் தயங்காமல் உணரும். முன்னதில் எந்தப் பால் என்ற கேள்விக்கே இடமில்லை; பின்னதில் காய்ச்சி வைத்த பால், பூனைக்கென்று எடுத்து வைத்த பால், என்று நமக்கு முன்பே தெரிந்த ஏதோ ஒரு பால் இருக்கிறது. ‘கார் வாங்கினார், ஆறே மாதத்தில் காரை விற்றுவிட்டார்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ‘கார்’ ஆங்கிலத்தில் ‘எ கார்’. இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற ‘காரை’ ஆங்கிலத்தில் ‘தி கார்’. மர்ஃபி 72ஆம் அலகில் விளக்குகிற அதே வேறுபாட்டை, அவர் விளக்குவதற்கு முன்பே, ‘ஐ’ உருபு மறைந்தும் வெளிப்பட்டும் வருவதன் வழியாக நாம் நாள்தோறும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதற்கு எல்லையும் உண்டு. மனிதர்களைக் குறிக்கும் பெயர்கள் செயப்படுபொருளாக வரும்போது, தெரிந்தவரோ தெரியாதவரோ, ‘ஐ’ பெரும்பாலும் வந்தே தீரும். ‘ஒரு பையனைப் பார்த்தேன்’ என்பதில் ‘ஐ’ இருப்பதாலேயே அது ‘தி பாய்’ ஆகிவிடாது. வாக்கியத்தின் எழுவாயில் இந்த உருபே வராது. ‘பேருந்து வந்தது’ என்றால் ‘எ பஸ் கேம்’ என்பதா, ‘தி பஸ் கேம்’ என்பதா என்பதைச் சூழலைக் கொண்டுதான் முடிவுசெய்ய வேண்டும்: நிறுத்தத்தில் ஏதோ ஒரு பேருந்து வந்து நின்றதா, நாம் காத்துக்கொண்டிருந்த பேருந்து வந்ததா? எழுவாயாக வரும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் நம்மவர்கள் ‘தி’யை அதிகமாக விட்டுவிடுகிறார்கள் என்பது, பிறர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்தும் பணியில் நான் தொடர்ந்து காண்பது. காரணம் தெரிந்துவிட்டால் எங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

72ஆம் அலகில் எனக்குள்ள குறை ஒன்றுதான். ஒரு பொருளைச் சொன்னவுடன் அதோடு சேர்ந்த மற்றவையும் தெரிந்தவையாகிவிடுகின்றன என்ற விதி போதிய அழுத்தம் பெறவில்லை. ‘வி வென்ட் டு எ வெட்டிங்’ என்று தொடங்கிவிட்டால், அடுத்த வரியில் மணப்பெண் ‘தி பிரைட்’, சாப்பாடு ‘தி ஃபுட்’, மண்டபம் ‘தி ஹால்’. இவற்றில் எதுவுமே முன்பு சொல்லப்படவில்லை. ஆனாலும் கல்யாணம் என்ற ஒரு சொல் அத்தனையையும் கூடவே அழைத்துவந்துவிட்டது. அதே கல்யாணத்தில் தவில் வாசித்தவருக்கும் வாசலில் வரவேற்றவருக்கும் இடையே ஒரு சண்டை நடந்திருந்தால் அது ‘எ குவாரல்’. ஏனென்றால் சண்டை எல்லாக் கல்யாணத்திலும் இருந்தே தீரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, நம் உறவுக்காரர்களைத் தவிர. ‘முதல் முறை எ, இரண்டாம் முறை தி’ என்ற சூத்திரத்தை மட்டும் பிடித்துக்கொண்ட மாணவர் ‘எ பிரைட்’ என்று எழுதி, வந்த மணப்பெண் யாரோ என்ற குழப்பத்தை உண்டாக்கிவிடுவார். கற்பிக்கும் ஆசிரியர் இந்த இடத்தில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவிடுவது நல்லது.

73ஆம் அலகு பலசரக்குக் கடை: சூரியன், வானம், கடல் ஆகியவற்றுக்கு ‘தி’ உண்டு, காலை, மதிய, இரவு உணவுகளின் பெயர்களுக்குப் பொதுவாக இல்லை, அறை எண், நடைமேடை எண் போன்றவற்றுக்கும் இல்லை. ஒருமுறை படித்துவிட்டு நகரலாம்.

74ஆம் அலகு அப்படி நகரக்கூடியதன்று. பள்ளி, கல்லூரி, சிறை, தேவாலயம் போன்ற சில இடங்களுக்கு, அவை எதற்காக இருக்கின்றனவோ அதற்காகவே ஒருவர் போகும்போது ‘தி’ தேவையில்லை. வேறு காரியத்துக்காகப் போனால் ‘தி’ வேண்டும். படிக்கும் பிள்ளை ‘கோஸ் டு ஸ்கூல்’. கட்டணம் கட்டப் போகும் அப்பா ‘கோஸ் டு தி ஸ்கூல்’. தண்டனை பெற்றவர் ‘இன் பிரிசன்’. அவரைப் பார்க்கப் போன வழக்கறிஞர் ‘டு தி பிரிசன்’. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரைப் பிரிட்டிஷ் ஆங்கிலம் ‘இன் ஹாஸ்பிடல்’ என்றும் அமெரிக்க ஆங்கிலம் ‘இன் தி ஹாஸ்பிடல்’ என்றும் சொல்லும். மர்ஃபியின் நூல் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுகிறது. அமெரிக்க வழக்கின் வேறுபாடுகளைப் பின்னிணைப்பு ஒன்றில் தனியாகத் தருகிறது. அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு நாள்தோறும் மின்னஞ்சல் எழுதும் மென்பொருள் நிறுவன ஊழியர்கள் அந்தப் பின்னிணைப்பைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

இந்தச் சலுகை சில சொற்களுக்கே உரியது என்பதை மறந்துவிடக் கூடாது. வேலைக்குப் போவது ‘கோ டு வொர்க்’. ஆனால் அலுவலகத்துக்குப் போவது ‘கோ டு தி ஆஃபீஸ்’. ‘ஐ ஆம் கோயிங் டு ஆஃபீஸ்’ என்பது நம் ஊர் முழுவதும் காதில் விழுகிற வாக்கியம். இந்திய ஆங்கிலத்தில் அது வேரூன்றிவிட்டது என்று வாதிடலாம், ஆனால் வெளிநாட்டுத் தேர்வில் அந்த வாதம் மதிப்பெண் பெற்றுத் தராது. தேவாலயத்துக்குத் தரும் சலுகையைப் பொது வழக்கு கோயிலுக்கும் மசூதிக்கும் தருவதில்லை. ‘டு தி டெம்பிள்’, ‘டு தி மாஸ்க்’ என்றே எழுதுவது பாதுகாப்பானது. இங்கிலாந்தின் அன்றாட வாழ்க்கையை வைத்து எழுதப்பட்ட நூலில் இத்தகைய சொற்களுக்கு இடம் கிடைப்பதில்லை. அது நூலாசிரியரின் பிழை இல்லை என்றாலும் நமக்கு இடைவெளிதான்.

இதுவரை சொன்னவை ‘தி’யை விட்டுவிடும் பிழைகள். தேவையில்லாத இடத்தில் போட்டுவிடும் பிழையை 75ஆம் அலகு கையாள்கிறது. கொஞ்சம் படித்தவர்கள் செய்கிற பிழை இது. ‘தி’ இருந்தால் ஆங்கிலம் கம்பீரமாக இருக்கும் என்று எண்ணி ‘தி சொசைட்டி’, ‘தி நேச்சர்’, ‘தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்’ என்று எழுதுகிறார்கள். பொதுவாகச் சமூகத்தை, இயற்கையை, வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது ‘தி’ வராது. குழந்தைகளுக்கு இனிப்புப் பிடிக்கும் என்றால் ‘சில்ட்ரன்’ மட்டும் போதும். ‘தி சில்ட்ரன்’ என்றால் எந்த வீட்டுக் குழந்தைகள் என்று கேட்பவர் தேடத் தொடங்கிவிடுவார். இரண்டையும் அடுத்தடுத்த பத்திகளாக வைத்துக் காட்டும் மர்ஃபியின் முறை இந்த இடத்தில் மிகத் தெளிவாக வேலை செய்கிறது. பொது எது, குறிப்பிட்டது எது என்ற எல்லைக்கோடு எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை என்பதை நூலே ஒப்புக்கொள்வதும் எனக்குப் பிடித்திருந்தது. இலக்கண நூல்களில் இந்த நேர்மை அரிது. இதோடு சேர்த்து, பின்னால் 88ஆம் அலகையும் படித்துவிடுவது நல்லது. ‘மோஸ்ட் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் பொதுவாகப் பெரும்பாலான மாணவர்கள். ‘மோஸ்ட் ஆஃப் தி ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் நாம் பேசிக்கொண்டிருக்கும் மாணவர்களில் பெரும்பாலோர். இரண்டுக்கும் நடுவில் ‘மோஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்று நம்மவர்கள் உருவாக்கியிருக்கும் மூன்றாவது வடிவம் ஆங்கிலத்தில் இல்லை.

76ஆம் அலகில் குறிப்பிடத் தக்கது, ‘தி ரிச்’, ‘தி புவர்’ என்று பண்புச் சொல்லோடு ‘தி’ சேர்ந்து ஒரு கூட்டத்தையே குறிப்பது. அது எப்போதும் பன்மை; ஏழை ஒருவரை ‘எ புவர்’ என்றும் ஏழைகளை ‘தி புவர்ஸ்’ என்றும் எழுதக் கூடாது. மேடைப் பேச்சுக்கு ஆங்கில உரை தயாரிப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

கடைசி இரண்டு அலகுகள் இடப்பெயர்களுக்கானவை, நூலில் எனக்கு நிறைவு தராத பகுதியும் இவையே. விதிகள் சரியானவைதான், ஆனால் காட்டப்படும் உலகம் பெரும்பாலும் ஐரோப்பாவும் அமெரிக்காவும். தமிழ்நாட்டு வாசகர் அதே விதிகளைத் தம் ஊர் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் அவை மனத்தில் நிற்கும். ஆறு என்பதால் ‘தி காவிரி’. மலைத்தொடர் என்பதால் ‘தி நீல்கிரிஸ்’, ‘தி வெஸ்டர்ன் காட்ஸ்’. ஆனால் தனிச் சிகரம் என்பதால் தொட்டபெட்டாவுக்கும் ஆனைமுடிக்கும் ‘தி’ இல்லை. கடற்பகுதிகள் என்பதால் ‘தி பே ஆஃப் பெங்கால்’, ‘தி பாக் ஸ்ட்ரெய்ட்’; ஏரிக்குத் ‘தி’ இல்லை என்பதால் வெறும் ‘புலிகாட் லேக்’. தீவுக் கூட்டங்களுக்கு உண்டு, ஆகவே ‘தி அந்தமான்ஸ்’, ‘தி மால்டீவ்ஸ்’, ஸ்ரீலங்காவுக்கு இல்லை. சாலைகளுக்குப் பொதுவாக இல்லை: மவுன்ட் ரோடு, அண்ணா சாலை. ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ முன்னால் நிற்கும் நிலையங்களுக்கும் நிறுவனங்களுக்கும் இல்லை: எழும்பூர் ஸ்டேஷன், அண்ணா யூனிவர்சிட்டி. ‘ஆஃப்’ வந்துவிட்டால் உண்டு. ஆகவே ஒரே பல்கலைக்கழகத்தை ‘மெட்ராஸ் யூனிவர்சிட்டி’ என்று எழுதினால் ‘தி’ இல்லை, ‘தி யூனிவர்சிட்டி ஆஃப் மெட்ராஸ்’ என்று எழுதினால் உண்டு. தன்விவரக் குறிப்புகளில் ‘தி அண்ணா யூனிவர்சிட்டி’ என்று எழுதும் பட்டதாரிகள் இந்த ஒரு விதியையாவது தெரிந்துகொள்ளலாம்.

இடப்பெயர் விதிகள் மாறாதவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உக்ரைன் சோவியத் ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில் ஆங்கிலத்தில் ‘தி உக்ரைன்’ என்றே பரவலாக எழுதினார்கள். 1991இல் அது விடுதலை அடைந்த பிறகு, தனி நாட்டைக் குறிக்கும்போது ‘தி’யை விலக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்து, இன்று தரமான இதழ்கள் எதுவும் அங்கே ‘தி’ எழுதுவதில்லை. காம்பியா நாடோ தன் பெயரின் பகுதியாகவே ‘தி’யை வைத்துக்கொண்டிருக்கிறது. 1878இல் தொடங்கிய நம் சென்னை நாளிதழின் பெயரிலும் ‘தி’ இருக்கிறது. ‘தி ஹிண்டு’வை ‘ஹிண்டு’ என்று பேச்சில் சுருக்கலாம், எழுத்தில் கூடாது. இத்தகைய தனிப்பெயர்களைப் பொறுத்தவரை விதியைவிட அகராதியே நம்பத் தகுந்தது. அதனால்தான் 77, 78 ஆகிய அலகுகளை மனப்பாடம் செய்ய முயலாமல், ஐயம் வரும்போது திறந்து பார்க்கும் பக்கங்களாக வைத்துக்கொள்ளும்படி சொல்வேன்.

பயிற்சிகளைப் பற்றி ஒரு கருத்து. அவற்றில் பெரும்பாலானவை கோடிட்ட இடத்தை நிரப்புபவை. கோடு இருக்கிற இடத்தில் ஏதோ முடிவெடுக்க வேண்டும் என்று புத்தகமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நாம் சொந்தமாக எழுதும்போது அப்படிக் கோடு போட்டுத் தர யாரும் இல்லை. கோடு காட்டாமல், தேவையான இடத்தில் ‘தி’யைச் சேர்க்கச் சொல்லும் பயிற்சிகளும் உண்டென்றாலும், அவையும் தனித்தனி வாக்கியங்களாகவே இருக்கின்றன. ‘தி’யோ முந்தைய வாக்கியத்தைப் பார்த்து முடிவாகிற சொல். ஆகவே புத்தகப் பயிற்சி முடிந்ததும், நல்ல ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, அதிலுள்ள ‘எ’, ‘ஆன்’ (an), ‘தி’ அனைத்தையும் நீக்கித் தட்டச்சு செய்துகொண்டு, மறுநாள் மூலத்தைப் பார்க்காமல் மீண்டும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். எங்கே மூலத்தோடு வேறுபடுகிறோமோ, அங்கே பெரும்பாலும் பதில் அதற்கு முந்தைய இரண்டு வரிகளுக்குள் இருக்கும். கைப்பேசியில் இலக்கணம் திருத்தும் செயலிகள் விடுபட்ட ‘தி’யைப் பெருமளவு பிடித்துவிடுகின்றன, ஆனால் வாசகருக்கு எது முன்பே தெரியும் என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி என்பதால், ‘எ’ வேண்டிய இடத்தில் ‘தி’யைப் பரிந்துரைப்பதும் நடக்கிறது. 72, 75 ஆகிய அலகுகளைப் புரிந்துகொண்டவர் அந்தப் பரிந்துரையை ஏற்கலாமா, தள்ளலாமா என்று தாமே முடிவுசெய்துகொள்ள முடியும்.

வாங்குபவர்களுக்கு: விடைகளோடு ஒரு பதிப்பும் விடைகள் இல்லாமல் ஒரு பதிப்பும் கிடைக்கின்றன. விடை இல்லாதது வகுப்பறைக்கானது. தனியாகப் படிப்பவர் அட்டையில் ‘வித் ஆன்சர்ஸ்’ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் விற்பனைக்கென அச்சிடப்படும் மலிவுப் பதிப்பே போதுமானது. பழைய பதிப்பானாலும் ‘தி’ பற்றிய பகுதிக்குப் பெரிய இழப்பு இல்லை. பழைய புத்தகக் கடையில் வாங்குவதாக இருந்தால் மட்டும் 72ஆம் அலகின் வலப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் பேனாவால் விடைகளை நிரப்பி வைத்திருந்தால், வேறு பிரதி கேளுங்கள்.